பெயர் அழிந்த படகு

ஆற்றுப் போக்குவரத்து அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. படகுகளை அளந்து சான்று கொடுப்பது அவள் வேலை. தோளில் மாட்டிய பையில் முப்பது மீட்டர் எஃகு டேப் எந்நேரமும் இருக்கும். அதனால் டேப்பக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த படகோட்டிகளும் டேப்பக்கா என்றார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமான தட்டச்சுப் பெண்ணும் டேப்பக்கா என்றாள். ஒரு தடவை அலுவலகச் சுற்றறிக்கையிலேயே அப்படி அச்சாகி, திருத்தி மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று.

இருபத்திரண்டு வருடத்தில் அவள் அளக்காத படகு அந்த ஆற்றில் இல்லை என்பார்கள். அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். நீளம், அகலம், ஆழம், எத்தனை டன் தாங்கும் என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டால் அந்தப் படகு ஒரு வருடம் ஓடலாம். ஒரு விரற்கடை இடித்தாலும் விட மாட்டாள். "போன வருஷம் அளந்ததுதானேக்கா, இதுக்குள்ள வளர்ந்தா இருக்கும்?" என்று படகுக்காரர்கள் கெஞ்சினால், "அது வளராது, நீங்க வெட்டி ஒட்டியிருப்பீங்க" என்பாள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

அந்த வருடம் மழை ஓய்ந்ததும், ஆறு வளைகிற இடத்தில் புதுப் படகுத்துறை கட்ட ஆட்கள் வந்து இறங்கினார்கள். தூண் இறக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய இரும்புப் படகு ஒருக்களித்துக் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய வெள்ளம் அதை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து சேற்றில் சொருகிவிட்டுப் போயிருந்தது. அதை அகற்ற வேண்டுமானால் உடைமையாளருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். உடைமையாளர் யாரென்று தெரிய, அது எந்தப் படகு என்று தெரிய வேண்டும். பதினைந்து நாளுக்குள் அடையாள அறிக்கை தரும்படி டேப்பக்காவுக்குத் தாள் வந்தது.

"பதினஞ்சு நாள் எதுக்கு சார்? ஒரே நாள்ல முடிச்சுடுறேன்" என்றாள் உதவி இயக்குநரிடம். பிறகு அதை நினைத்து எத்தனை தடவை நாக்கைக் கடித்துக்கொண்டாளோ.

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். படகின் வயிறு முழுக்க வண்டல். அதில் ஆளுயரத்துக்கு ஒரு மரமே முளைத்திருந்தது. மேல்தளம் கிடையாது, ஓட்டுகிற கூண்டு கிடையாது, இயந்திரம் கிடையாது. எண் தகடு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஆணித் துளைகள்தான் இருந்தன. பெயர் எழுதியிருந்த இடத்தைச் சுரண்டினால் பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே துரு.

கரையில் இருந்தவர்களை விசாரித்தாள். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். டீக்கடைக்காரர் அது மணல் படகு என்று சத்தியம் செய்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர், "மணலாவது மண்ணாங்கட்டியாவது, அது அக்கரைக்கு ஆள் ஏத்தின படகு, நானே ஏறியிருக்கேன்" என்றார். எந்த வருடம் என்று கேட்டால் தன் கல்யாணத்துக்கு முன்னால் என்றார். கல்யாணம் எப்போது என்று கேட்டால், அதை வீட்டில் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார்.

மனிதர்களை நம்பிப் பயனில்லை என்று டேப்பை இழுத்தாள். நீளம் பதினாறு மீட்டர் பத்து சென்டிமீட்டர். உள்பக்கத்து விலாக் கம்பிகளுக்கு இடையில் நாற்பது சென்டிமீட்டர்தான் இருந்தது. அங்கேதான் அவள் நின்றாள். மணல் படகுக்கோ பயணிகள் படகுக்கோ இத்தனை நெருக்கமாக விலா வைக்க எவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? வண்டலுக்கு மேலே கொஞ்சம் தெரிந்த நடுப்பகுதியில், தொடைப் பருமனுக்கு ஒரு இரும்புத் தூணை அடியோடு அறுத்த தழும்பு இருந்தது. பாரப்படகுகளைக் கயிறு கட்டி இழுக்கிற தூண் அது. ஆக, இது இழுவைப்படகு. பின்னால் யாரோ மேல்தளத்தை வெட்டி எறிந்துவிட்டு மணல் அள்ளப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

மீதிப் பாதி பதிவேட்டு அறையில் இருந்தது. அந்த அறையைப் பார்த்துக்கொண்டவருக்குத் தும்மல் என்று பெயர். பழைய தாள் தூசியில் இருபது வருடம் உட்கார்ந்து, எந்தப் பதிவேட்டைத் திறந்தாலும் ஆறு தும்மல் போடாமல் அடுத்த பக்கம் போக மாட்டார். இருவருமாக இழுவைப்படகுப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். மொத்தம் முப்பத்தொரு படகுகள். நீளம் பதினாறு மீட்டரை ஒட்டி வருகிறவை ஒன்பது. மூன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டை வேறு ஆற்றுக்கு விற்றிருந்தார்கள். இரண்டு மூழ்கிய இடம் வரைபடத்திலேயே குறித்திருந்தது. பாக்கி இரண்டுக்கு எதிரே 'உடைக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது.

"எல்லாத்துக்கும் கணக்கு சரியா இருக்கே டேப்பக்கா" என்றார் தும்மல், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"அப்ப கரையில கிடக்குறது என்ன, என் தலையா?"

"வேற ஊர் படகா இருந்தா?"

"வேற ஊர் படகு அணைக்கட்டு மதகைத் தாண்டி எப்படிங்க வரும்? பறந்தா?"

தும்மல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். தும்மினார்.

நான்கு நாள் அந்தப் பதிவேட்டையே புரட்டினாள். முப்பத்தொரு இழுவைப்படகு, முப்பத்தொன்றுக்கும் பதில் இருக்கிறது, ஆனால் முப்பத்திரண்டாவதாக ஒன்று சேற்றில் கிடக்கிறது. வீட்டில் சோறு இறங்கவில்லை. மகள் வேலை பார்க்கிற ஊரிலிருந்து தொலைபேசியில், "அம்மா, நான் பேசுறது காதுல விழுதா?" என்று மூன்று தடவை கேட்டாள். விழவில்லை.

ஒரு வழி இருந்தது. பழைய இரும்புப் படகுகளில் பதிவு எண்ணைத் தகட்டில் எழுதுவதோடு நிறுத்த மாட்டார்கள். இயந்திரத்துக்கு முன்னால் போகும் குறுக்கு விட்டத்தில், உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தியும் வைப்பார்கள். எத்தனை பூச்சு பூசினாலும் அது போகாது. ஆனால் அந்த விட்டம் ஒன்றரை ஆள் ஆழ வண்டலுக்குக் கீழே இருந்தது. மண் அள்ள நான்கு ஆள் கேட்டு உதவி இயக்குநரின் அறைக்குப் போனாள்.

அவருக்கு அவளைவிடப் பதினைந்து வயது குறைவு. தன்மையான மனிதர்தான். தன்மையாகவே கையை விரித்தார்.

"ஆள் தரலாம் மேடம். ஆனா எந்தப் பிரிவிலருந்து தர்றது? மணல் படகுன்னா கனிமப் பிரிவு. இழுவைப்படகுன்னா போக்குவரத்துப் பிரிவு. எந்தப் படகுன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டா நாளைக்கே ஆள் வந்துடும்."

"எந்தப் படகுன்னு தெரிஞ்சுக்கத்தான் சார் ஆள் கேக்குறேன்."

"புரியுது மேடம். அதைத்தான் நானும் சொல்றேன். எந்தப் படகுன்னு தெரியணும்."

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பையை ஒரு மூலையில் எறிந்தாள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்று மணி வரை சும்மா இருப்பார். மனைவியின் முகத்தைப் பார்த்தவர், என்ன ஏது என்று கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தார். முழுக்கதையையும் கேட்டு முடித்துவிட்டு, "மண்வெட்டி நம்ம வீட்டுல ஒண்ணுதான் இருக்கு. பக்கத்து வீட்டுல இன்னொண்ணு வாங்கிக்கலாம்" என்றார்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?"

"பின்ன? ராத்திரி பூரா தூக்கத்துல முப்பத்தொண்ணு முப்பத்தொண்ணுன்னு நீ முணுமுணுக்குறதைக் கேட்டுக்கிட்டே படுக்கிறதுக்கு மண் அள்ளுறது மேல்."

மூன்று நாள் அள்ளினார்கள். அவள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தாள், காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று போட்டு. மரத்தை வெட்டி வேரை இழுப்பதற்குள் முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாள் அவர்கள் அள்ளிய பள்ளத்தில் ஆற்று நீர் ஊறி வந்து நிறைந்தது. அதை வாளியால் இறைத்தார்கள். துறை கட்டுகிற ஆட்கள் மேலே நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், "உள்ள புதையல் ஏதாவது இருக்காக்கா?" என்று கேட்டதற்கு, "இருக்கு, இறங்கி வா, பாதி தர்றேன்" என்றாள். ஒருவரும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம், கணவரின் மண்வெட்டி இரும்பில் மோதி ணங்கென்றது. அவள் மண்டியிட்டு விரலால் சேற்றை வழித்தாள். கம்பி பிரஷால் தேய்த்தாள். புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. பூஜ்யம், நான்கு, ஒன்று, ஏழு.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று சேறு அப்பிய கையாலேயே கணவரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். முப்பது வயது குறைந்தவளைப் போல இருந்தாள். பூட்ஸைக் கழற்றாமல் அப்படியே வேனில் ஏறி அலுவலகத்துக்குப் போனாள்.

நானூற்றுப் பதினேழு. பதிவேட்டில் அதற்கு எதிரே, 'உடைக்கப்பட்டது. சான்று இணைப்பில்' என்று இருந்தது. நீளம் பதினாறு மீட்டர் முப்பது.

"உடைச்ச படகு எப்படிக்கா கரையில கிடக்கும்?" என்று கேட்டுக்கொண்டே தும்மல் உள்ளே போய்ச் சான்றுகளின் கட்டைத் தேடி எடுத்துவந்தார். பிரித்து, ஊதி, ஆறு தும்மலும் போட்டு முடித்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். மேற்படி படகு என் முன்னிலையில் முழுவதுமாக உடைக்கப்பட்டதை நேரில் பார்த்தேன் என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே இரண்டு கையெழுத்துகள். ஒன்று பழைய மேற்பார்வையாளருடையது. அவர் போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. மற்றது அவளுடையது.

தும்மல் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

அவளுக்கு எல்லாம் நினைவு வந்தது. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். இரண்டு வயது மகளுக்கு உடம்பெல்லாம் தட்டம்மை. மதியமே வீட்டுக்குப் போக அனுமதி கேட்டு மேற்பார்வையாளரின் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "போம்மா, போ. போறதுக்கு முன்னாடி இதுல ஒண்ணு போட்டுட்டுப் போ. அக்கரையில உடைச்சாச்சு, நான் பாத்துட்டேன்" என்று அவர் தாளைத் தள்ளினார். நின்றபடியே போட்டாள். அவர் பேனாதான். படித்துக்கூடப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடம் விரற்கடைக்கு விரற்கடை சண்டை பிடித்தவளின் முதல் சான்று, போய்ப் பார்க்காமலே போட்ட சான்று.

படகின் பழைய கோப்பையும் கொண்டுவரச் சொன்னாள். பாலத்துத் தூணில் மோதியதால் சோதனைக்காகப் பிடித்துவைக்கப்பட்டது என்று இருந்தது. அதற்கு அடுத்த தாள் உடைத்ததாகச் சான்று. அதற்குப் பிறகு அடுக்கடுக்காக மனுக்கள், எல்லாம் ஒரே கையெழுத்தில். அந்தக் கையெழுத்தை அவள் பல தடவை பார்த்திருக்கிறாள்.

மனுக்காரர்! அலுவலகத்தில் அவரைத் தெரியாதவர் கிடையாது. படகை வைத்திருந்தவரும் ஓட்டியவரும் அவரேதான். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து, தன் படகை உடைக்கவே இல்லை, ஆற்றின் மேல்பக்கம் மணல் அள்ளுகிற இடத்தில் பச்சை அடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், கண்ணால் பார்த்தேன் என்று தாளை நீட்டுவார். சான்று இருக்கிறது என்று பதில் சொல்லி அனுப்புவார்கள். அவர் வருகிற நாளில் ஆளாளுக்குக் கழிவறைப் பக்கம் ஒதுங்குவார்கள். அவளும் ஒதுங்கியிருக்கிறாள். வேறு ஆள் இல்லாத இரண்டு மூன்று தடவை, "சான்று இருக்குங்கய்யா, உடைச்சாச்சு" என்று அவளே சொல்லியும் இருக்கிறாள். அப்போது அது தன் கையெழுத்து என்று அவளுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் இத்தனை நாளும் இருந்தாள். இப்போது அதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

உதவி இயக்குநர் கதையைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மேடம், உங்க நல்லதுக்குச் சொல்றேன். அடையாளம் தெரியவில்லைன்னு ஒரு வரி எழுதுங்க. அந்த விட்டத்தை வேற யாரும் பாக்கல. ஒரு பொது அறிவிப்பு ஒட்டுவோம், தூக்கிடுவோம், முடிஞ்சுது."

"போன வாரம் எந்தப் படகுன்னு தெரியாம ஒரு ஆளும் தர முடியாதுன்னீங்க."

"போன வாரம் உங்களுக்கும் தெரியாதே."

"இப்ப தெரியுமே சார். தெரிஞ்சதைத் தெரியலைன்னு எப்படி எழுதுறது?"

சொல்லிவிட்டாளே தவிர, அன்றும் மறுநாளும் அந்த ஒரு வரியை மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. கணவரிடம் கேட்டாள். அவர் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எழுதினா யாருக்கும் நஷ்டமில்லைதான்" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்த மனுஷனைத் தவிர" என்றார். அவளுக்கு எரிச்சலாக வந்தது. அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மனுவில் இருந்த முகவரியைத் தேடிப் போனாள். பூட்டு ரிப்பேர் கடைக்கு மேலே, செங்குத்தான படி ஏறி இரண்டு அறை. கதவைத் திறந்தது மனுக்காரரின் மனைவி. அவர் உள்ளே பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். எழுபது தாண்டியிருக்கும். தலை நிமிர்ந்து பார்த்தார்.

"டேப்புக்காரம்மாவா? நான் அஞ்சு வருஷமா அங்க வர்றதில்லையே. இப்ப நீங்க வீட்டுக்கே வந்து துரத்துறீங்களா?"

"உங்க படகு கிடைச்சிருக்குங்கய்யா."

"கிடைக்கிறதுக்கு அது எங்க தொலைஞ்சுது? நான்தான் அது எங்க இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தேனே." நகவெட்டியைக் கீழே வைத்தார். "எவ்வளவு நீளம் அளந்தீங்க?"

"பதினாறு பத்து."

"பதினாறு முப்பது. பாலத்துத் தூண்ல முட்டினதுல முன்பக்கத்து அணியம் உள்ள போயிடுச்சு. நசுங்கினதை நீங்க சேர்க்கல. இடதுபக்கம் நசுங்கியிருக்குமே?"

இடதுபக்கம்தான். அவள் தலையாட்டினாள். பிறகு, வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களை மறந்துவிட்டு, அந்தச் சான்றில் கையெழுத்துப் போட்டது தான்தான் என்று சொன்னாள்.

அவர் எழுந்தார். மெதுவாகத்தான் எழ முடிந்தது. அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். அந்தச் சான்றின் நகல் உள்ளே இருந்தது. மடித்து மடித்து மடிப்பெல்லாம் இற்றுப்போயிருந்தது.

"இந்தக் கிறுக்கல் யாருதுன்னு எத்தனை பேர்கிட்டக் கேட்டிருப்பேன் தெரியுமா? அந்த ஆளைப் பிடிச்சா, உடைச்சதை நேர்ல பாத்தியான்னு ஒரே ஒரு கேள்வி கேக்கலாம்னு இருந்தேன். உங்ககிட்டயே காட்டியிருக்கேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. நிமிந்துகூடப் பாக்காம, தெரியலைங்கய்யான்னீங்க."

அவளுக்கு அது நினைவில்லை. ஆனால் பொய்யாகவும் படவில்லை.

"நான் பாக்கலைங்கய்யா" என்றாள். "உடைச்சதையும் பாக்கல. இதையும் பாக்கல."

"இப்ப எதுக்கு வந்தீங்க?"

பையிலிருந்து அடையாள அறிக்கையை எடுத்தாள். பழைய உடைமையாளர் அடையாளம் காட்டினார் என்று அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் அறிக்கைக்கு வலு இருக்கும், யாரும் தட்டிக் கழிக்க முடியாது என்று விளக்கினாள்.

"கையெழுத்தா?" அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "நீங்க ஒண்ணு போட்டீங்களே, அது போதாதா? அத்தனை வருஷம் நான் எழுதினப்ப வலு இல்லாத கையெழுத்துக்கு இன்னைக்கு எங்கருந்து வலு வந்துச்சு? போங்கம்மா."

படி வரை வழியனுப்ப வந்த மனைவியிடம், "நீங்களாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கம்மா" என்றாள்.

"என்னன்னு சொல்றது? அவர் சொல்றது சரிதானே" என்று அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டார்.

பதினான்காவது நாள் அவளே அறிக்கையை எழுதினாள். விட்டத்தில் குத்திய எண், நசுங்கிய அணியம், நீளத்தில் இருபது சென்டிமீட்டர் ஏன் குறைகிறது என்ற கணக்கு, எல்லாவற்றையும் எழுதினாள். கடைசிப் பத்தியில், உடைத்ததாகக் கொடுத்த சான்று பொய் என்றும், அதில் இரண்டாவது கையெழுத்து தன்னுடையது என்றும், தான் போய்ப் பார்க்காமலே போட்டதாகவும் எழுதினாள். "உங்க கழுத்துல நீங்களே கத்தி வைக்கிறீங்க மேடம்" என்று உதவி இயக்குநர் கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.

அறிக்கை கொடுத்தால் நெஞ்சுப் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. விசாரணை என்று மூன்று பேர் வந்தார்கள். மேற்பார்வையாளர் உயிரோடு இல்லை. மணல் அள்ளியவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்கள். படகை யார் அவர்களுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு தாளும் இல்லை. உயிரோடு, கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது அவள் ஒருத்திதான். எனவே எல்லாம் அவள் தலையில் விடிந்தது. பொய்ச் சான்று கொடுத்ததற்காக அவளை அளவைப் பிரிவிலிருந்து தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். டேப்பை ஒப்படைக்கச் சொல்லி, ஒப்படைத்ததற்கு ரசீதும் கொடுத்தார்கள்.

"நீ எழுதாம இருந்திருந்தா மாத்தியிருக்க மாட்டாங்க. எழுதினதுக்கு மாத்திட்டாங்க. என்ன கணக்கோ இது!" என்றார் கணவர். அவரும் கோபமாகத்தான் இருந்தார். யார்மேல் என்று இருவருக்கும் தெரியவில்லை.

படகை இரண்டே நாளில் வெட்டி எடுத்துவிட்டார்கள். அவள் போகவில்லை. தபால் அறையின் ஜன்னல் ஆற்றைப் பார்த்து இல்லை, சுவரைப் பார்த்து இருந்தது. அடுத்த வாரம், வெளியே போக வேண்டிய கடிதங்களை உறையில் போடும்போது ஒன்று மனுக்காரரின் முகவரிக்குப் போவதைப் பார்த்தாள். படித்தாள். 'தங்கள் படகு ஆற்றங்கரையில் கண்டறியப்பட்டு, கட்டுமானத்துக்கு இடையூறாக இருந்தமையால் அகற்றப்பட்டது. ஆகவே இதுவரை பெறப்பட்ட தங்கள் மனுக்கள் அனைத்தும் முடித்துவைக்கப்படுகின்றன.' அவ்வளவுதான். வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. தவறு என்று ஒரு சொல் இல்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு தட்டச்சுப் பெண்ணிடம் ஓடினாள். "எனக்குக் குடுத்ததை அடிச்சேன் டேப்பக்கா" என்றாள் அவள். உதவி இயக்குநரிடம் போனாள். அவர் மேலிடத்து வாசகம் என்றார். தபால் பிரிவின் வேலை அனுப்புவது மட்டும்தான் என்பதையும் தன்மையாக ஞாபகப்படுத்தினார். கடிதத்தை இரண்டு நாள் தன் மேஜைக்குள்ளேயே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் அனுப்பினாள்.

நான்கு நாள் கழித்து அந்தக் கடிதத்தோடு மனுக்காரர் நேரே தபால் அறைக்கே வந்து நின்றார். மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"இதை யாரு அனுப்பினது?"

"அனுப்பினது நான்தாங்கய்யா. எழுதினது நான் இல்ல."

"நல்லா இருக்கு. பாக்காததுக்குக் கையெழுத்துப் போடுவீங்க, எழுதாததை அனுப்புவீங்க. எதைத்தாம்மா நீங்களா செய்வீங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. மண் அள்ளியதைச் சொல்லலாம். அறிக்கை எழுதியதைச் சொல்லலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. எதிரே இருந்த நாற்காலியில் கிடந்த கட்டுகளைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

"உட்காருங்க. என்ன வேணும், சொல்லுங்க."

"என் படகை இத்தனை வருஷம் ஓட்டினது யாரு? அவங்களுக்கு எடுத்துக் குடுத்தது யாரு? எனக்குப் பேர் வேணும். படகு வேண்டாம், அதைத்தான் வெட்டிட்டீங்க. பேர் வேணும்."

"அது எனக்குத் தெரியாதுங்கய்யா. கேட்டு மனு போடணும்."

"மனுவா?" என்று அவர் அவளை முறைத்தார். நல்ல கெட்ட வார்த்தை ஏதோ வாய்வரை வந்தது போலிருந்தது. பிறகு கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. "இப்ப எல்லாம் எழுத வரல."

அவள் தாளை எடுத்துத் தானே எழுத ஆரம்பித்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள், இடையிடையே சண்டையும் போட்டார்கள். 'காணாமல் போன படகு' என்று அவள் எழுதியதற்கு அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "காணாமப் போகல. எடுத்துட்டுப் போனாங்க. அப்படியே போடுங்க." அடித்துவிட்டு அப்படியே போட்டாள். அடித்தல் இருந்தால் மதிக்க மாட்டார்கள் என்று அவர் சொன்னதால் வேறு தாளில் முழுவதையும் மறுபடி எழுதினாள். எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தாளை எடுத்தாள். முடிந்ததும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். கையெழுத்துப் போட நான்கு நிமிடம் ஆயிற்று.

வரவுப் பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.

"பதில் எப்ப வரும்?"

"தெரியாதுங்கய்யா. பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப நாள் ஆகும்."

"வியாழக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டு, ரசீதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நன்றி என்றோ போய்வருகிறேன் என்றோ சொல்லவில்லை.

மனு மாலை நான்கு மணிக்கே அவள் மேஜைக்குத் திரும்பி வந்துவிட்டது. மேலே சிவப்பு மையில், 'இது எந்தப் பிரிவைச் சேர்ந்தது?' என்று மட்டும் எழுதியிருந்தது. அவள் அதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் எதையோ சொல்லித் திட்டினாள். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரிவாகக் கேட்க அடுத்த மாடிக்கு ஏறினாள்.